வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போன டிவி

"ஆறு நாள் ஒழுங்கா ஓடுற சாமான், வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கெட்டுப்போவுது?"

போன தடைக்காலத்தில் மணிவேல் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்ட கேள்வி இது. எங்கள் கருக்களாச்சேரியில் ஐஸ் உடைப்பவரிடம் கேட்டார். கரன்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம் கேட்டார். பிளஸ் டூவில் இயற்பியல் படித்த ஒரே காரணத்துக்காக என்னிடமும் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு அதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

மணிவேலுக்கு வயது நாற்பத்து நான்கு. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஒரு விசைப்படகில் டிரைவர். சுக்கான் பிடிப்பது, இன்ஜின் பார்ப்பது, வயர்லெஸ் பேச மறுத்தால் பிரித்துச் சரிசெய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவரோடு கடலுக்குப் போனவர்கள் ஒன்று சொல்வார்கள். படகு எவ்வளவு ஆடினாலும் மணிவேல் ஆட மாட்டார். சுக்கானைப் பிடித்தால் பிடித்தபடி நிற்பார். கரைக்கு வந்தால் கதை மாறிவிடும். தரை அசையாமல் கிடக்கும், இவர் அசைய ஆரம்பித்துவிடுவார். நின்றுகொண்டே சாப்பிடுவார். டீ ஆறுவதற்குள் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு நடை போய்த் திரும்புவார். பேசிக்கொண்டே எதிராளியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கழற்றி, ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிக் கொடுப்பார்.

"இவரக் கல்யாணம் பண்ணி இருபது வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு போட்டோல மூஞ்சி தெளிவா விழல" என்பார் அவர் மனைவி தமிழரசி.

இப்படிப்பட்டவருக்கு வருடத்தில் அறுபத்தோரு நாள் தண்டனை மாதிரி வரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, மீன் இனம் பெருகும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. வலையைப் பின்னலாம், படகுக்கு பெயின்ட் அடிக்கலாம். அதையெல்லாம் மணிவேல் பத்து நாளில் முடித்துவிடுவார். மீதி ஐம்பது நாளுக்கு என்ன செய்வது? முன்பெல்லாம் கேரளாவுக்கு ஓடிவிடுவார். அந்தப் பக்கம் தடை பிந்தித்தான் தொடங்கும் என்பதால் கொச்சியில் ஏதாவது படகில் ஏறிக்கொள்வார். இரண்டு மாதம் போனில் குரல் மட்டும் வரும். ஒரு வருடம் அங்கே இன்ஜின் பெல்ட்டில் விரல் மாட்டி, இடது கையில் ஒரு நகம் போனதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தமிழரசி பார்த்தார்.

அந்த ஓட்டத்தை நிறுத்தியது ஒரு பழைய டிவி.

கஜா புயல் அடித்த வருடம், யாரோ வீட்டில் நனைந்துபோன பெரிய கலர் டிவியைத் தெருவில் தூக்கி வைத்திருந்தார்கள். மணிவேல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்பது நாள் வெயிலில் காயவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, பயந்து பயந்து சுவிட்சைப் போட்டார். படம் வரவில்லை. ஆனால் யாரோ ஒருவர் சமையல் குறிப்பு சொல்வது கேட்டது. இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன்" என்றது. மணிவேல் அதற்கு எதிரே உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அப்படி ஓரிடத்தில் அவர் உட்கார்ந்திருப்பதைத் தமிழரசி கரையில் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் கொச்சிக்குப் போகவில்லை. எங்கே பழைய டிவி கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அங்கே போவார். அம்பகரத்தூரில் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒன்று. குரும்பகரத்தில் நெல் மூட்டைக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்திய ஒன்று. எல்லாம் பின்பக்கம் புடைத்த, கண்ணாடிக் குழாய் வைத்த ரகம். இன்றைய தட்டையான டிவியைத் தொடவே மாட்டார். "அதுல என்ன இருக்கு? அட்டைய மாத்து, ஆளப் போன்னு சொல்லு. இதுல ஒவ்வொரு சாமானும் கண்ணுக்குத் தெரியும், என்ன செய்யுதுன்னு கேட்டா பதில் சொல்லும்" என்பார். சரிசெய்ததை விற்பதும் இல்லை. படம் வந்ததும் ஒரு வாரம் பார்ப்பார், பிறகு அடுத்ததைத் திறப்பார்.

வீட்டில் இடம் போதவில்லை. அதனால் கடற்கரையோரம் இருக்கும் வலை பின்னும் கூடத்தின் வடக்கு மூலையில், தார்ப்பாயால் ஒரு மறைப்புக் கட்டி, ஒன்பது டிவியையும் ஒரு மேசையையும் வைத்துக்கொண்டார். கூடம் ஊருக்குச் சொந்தம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன ஏப்ரலில் கேட்டார்கள்.

தடை தொடங்கிய அன்று ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. கோயில் சாமான் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், தடை முடியும்போது பழைய இரும்பு வியாபாரி வண்டியோடு வருகிறார், எதையெல்லாம் போடலாம் என்பது பேச்சு. உடைந்த குத்துவிளக்கு, ஓட்டை அண்டா, பழைய ஒலிபெருக்கிக் குழல் என்று பட்டியல் போனது. கடைசியாக ஊர் டிவி. எண்பதுகளில் ஊர் முழுவதும் சேர்ந்து வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி அது. நான்கு கால், மர உடம்பு, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக் கதவு. அந்தக் காலத்தில் சென்னை நிலையம் இங்கே சரியாக எட்டாது. உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கை நிலையத்தைத்தான் பிடிப்பார்களாம். அது ஓடி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"அதயும் ஏத்திடலாம்" என்றார் தலைவர் சிவநாதன்.

பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த மணிவேல், "அது ஓடும்ணே" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எது ஓடும்?"

"டிவி. பாத்தா போதும், ஓடும்."

"நீ ஒரு எடத்துல நின்னு பேசு மொதல்ல" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

சிவநாதன் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. "மணி, அந்த வடக்கு மூலையையும் இப்பவே பேசிடுவோம். புது வலை ரெண்டு ஜோடி வருது, வைக்க எடமில்ல. நீ ஒம்போது பொட்டிய அடுக்கி வச்சிருக்க. ஊருக்கு அதுனால என்ன?"

 மணிவேல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காததைச் சொன்னார். "தடை முடியுறதுக்குள்ள ஊர் டிவிய ஓட வச்சுக் காட்டுறேன். ஓடினா அந்த மூலைய எனக்கு விடுங்க."

"ஓடலன்னா?"

"அதோட சேத்து என் ஒம்போதையும் வண்டியில ஏத்திக்கிங்க."

பேச்சு முடிந்தது. எங்கள் ஊரில் பஞ்சாயத்தில் சொன்ன சொல்லை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அன்று மாலை விஷயத்தைக் கேள்விப்பட்ட தமிழரசி, மீன் அலசிக்கொண்டிருந்த கையோடு வாசலுக்கு வந்தார்.

"ஏங்க, ஒங்க வாய் சும்மாவே இருக்காதா? அந்த மூல போச்சுன்னா அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?"

மணிவேல் வாசலிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து வாசலுக்கும் நடந்தார்.

"கொச்சிதான?" என்று கேட்டுவிட்டுத் தமிழரசி உள்ளே போனார்.

ஊர் டிவியை வடக்கு மூலைக்குக் கொண்டுபோய்த் திறந்தபோது உள்ளே ஒரு குளவிக் கூடு, பாதி சீப்பு, காய்ந்து சருகான செவ்வந்தி மாலை, எண்ண முடியாத பல்லி முட்டை ஓடு எல்லாம் இருந்தன. கடற்காற்றில் இருந்த உப்பு எல்லாக் கம்பி முனையிலும் பச்சைப் பூவாகப் பூத்திருந்தது. மணிவேல் முதல் இரண்டு வாரம் கரன்ட்டே கொடுக்கவில்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார். காய்ந்துபோன கண்டன்சர்களைக் கழற்றி, காரைக்கால் டவுனில் நெய்னா முகம்மதுவின் பார்ட்ஸ் கடையில் மாற்று வாங்கினார். நெய்னா முகம்மது அவரைவிட ஐந்து வயது பெரியவர்; தன் கடையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பாகங்களை வாங்க வரும் ஒரே ஆள் என்பதால் மணிவேல் மேல் பிரியம் அதிகம்.

"இந்தக் கண்டன்சரு என் வாப்பா வாங்கிப் போட்டது. நீ இல்லேன்னா இத நான் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியணும்" என்பார்.

முதன்முதலாகக் கரன்ட் கொடுத்தபோது, வழக்கம்போல நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை நடுவில் சேர்த்துத்தான் கொடுத்தார். உள்ளே எங்காவது ஒயர் ஒயரோடு முட்டிக்கொண்டிருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், டிவி பிழைத்துக்கொள்ளும். பல்பு பளீரென்றுதான் எரிந்தது. அந்தக் கோளாறைப் பிடிக்கவே பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் மணிவேல் வீட்டுக்கும் கூடத்துக்கும் இடையே எத்தனை முறை நடந்தார் என்று சொல்ல முடியாது. மணலில் அவர் பாதம் மட்டும் ஒரு பாதை போட்டிருந்தது.

மே மாதம் நடுவில், ஒரு புதன்கிழமை பிற்பகல், படம் வந்தது.

இப்போது பழைய டிவிக்கென்று எந்த நிலையமும் ஒளிபரப்புவதில்லை. கேபிள்காரரின் பெட்டியிலிருந்து வருவதை இந்த டிவிக்குப் புரியும்படி மாற்ற வேண்டும். அதற்கு, குழந்தைகள் விளையாடித் தூக்கிப்போட்ட டிவி கேமுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவைப் பிடுங்கி, ஆன்டெனா மாட்டும் இடத்தில் இணைத்திருந்தார். முதலில் சாம்பல் மழை. பிறகு கோடு கோடாக ஒரு ஆள். குமிழைத் திருகத் திருக அந்த ஆள் நிமிர்ந்து நின்று, உரம் போடுவது எப்படி என்று பேச ஆரம்பித்தார். மணிவேல் ஓடிப்போய்த் தமிழரசியைக் கூட்டிவந்தார். பின்பக்க மூடி கழற்றியே இருந்தது. தமிழரசி முன்னால் படத்தைப் பார்த்தார், பின்னால் போய் உள்ளே பார்த்தார்.

"இதுல எதுங்க முக்கியம்?"

மணிவேல் படக்குழாயின் முதுகில் ஒட்டியிருந்த வட்டமான ரப்பர் மூடியைக் காட்டினார். "இதான் இதுக்கு உசுரு. பதினஞ்சாயிரம் வோல்ட் இது வழியாத்தான் உள்ள போவுது. அணைச்சாலும் அதுல கரன்ட் நிக்கும். இந்த மூடிய மட்டும் எப்பவும் தொட்டுடாத, சரியா?"

"சரி" என்றார் தமிழரசி.

அடுத்த நாளும் படம் வந்தது. அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் சுவிட்சைப் போட்டால், அரை நிமிடம் படம் நின்றது, பிறகு உள்ளே படபடவென்று பொரிகிற சத்தம், கருகல் வாசனை. படம் சுருங்கி, ஒரு கோடாகி, அணைந்தது.

சனிக்கிழமை மணிவேல் பெட்டி முழுவதையும் மறுபடி துடைத்துச் சுத்தம் செய்தார். சந்தேகப்பட்ட ஒரு கண்டன்சரை மாற்றினார். போட்டார். படம் வந்தது. அந்தக் கண்டன்சர்தான் காரணம் என்று நிம்மதியானார்.

அடுத்த வெள்ளி, அதே படபட. சனிக்கிழமை மறுபடி துடைத்தார், இந்த முறை உயர் வோல்டேஜ் கொடுக்கும் சுருளையே மாற்றினார். படம் வந்தது. சுருள்தான் காரணம்.

அதற்கடுத்த வெள்ளி, மறுபடியும்.

இப்போது அவருக்குத் தூக்கம் போனது. கண்ணுக்குத் தெரியும், கேட்டால் பதில் சொல்லும் என்று நம்பிய பெட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வோல்டேஜ் கூடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், கூடவில்லை. காற்றின் திசையைக் குறித்துவைத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் போய் வெள்ளிக்கிழமை ஏதாவது பெரிய மோட்டார் போடுகிறீர்களா என்று விசாரித்தார். அங்கே இருந்தவர்கள் இவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நெய்னா முகம்மது கடைக்குப் போனார்.

"பாய், வெள்ளிக்கிழமை மட்டும் கெடுது."

"உன் டிவியும் ஜும்மாவுக்கு லீவு எடுக்குதோ என்னமோ."

"வெளையாடாதீங்க பாய். இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

நெய்னா முகம்மது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "மணி, சாமானுக்குக் கெழம தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கெழம யாரு என்ன செய்யிறாங்கன்னு பாரு. கோளாறு அங்கதான் இருக்கும்."

மணிவேல் வழி முழுவதும் அதை யோசித்துக்கொண்டே பைக் ஓட்டினார். வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? வீட்டைக் கழுவுகிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். தமிழரசி சாம்பிராணி போட்டு, தூபக்காலோடு கூடத்துக்கும் வருகிறார். அதுதான். புகைதான். கரி படிகிறது.

வீட்டுக்கு வந்த வேகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒன் சாம்பிராணிதான் என் குடியக் கெடுக்குது. இனிமே அந்தக் கூடத்துப் பக்கம் பொகையோட வந்தே, பாரு" என்று கத்தினார்.

 அன்றும் மறுநாளும் தமிழரசி சாப்பாட்டுத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. மூன்றாம் நாள், "பொக வராது. போதுமா?" என்றார். அவ்வளவுதான்.

சொன்னபடி அடுத்த வெள்ளி சாம்பிராணி வரவில்லை. ஆனாலும் மாலையில் டிவி படபடத்து அணைந்தது. மணிவேல் மேசையின் மேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கெட்ட நாள் தவறாமல் வந்தது, காரணம் மட்டும் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு வெள்ளிதான் பாக்கி. பஞ்சாயத்து குறித்த நாளும் அதுதான். தடை முடியும் நாள், ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை.

"நாள மாத்திக் கேளுங்களேன்" என்றார் தமிழரசி.

"என்ன சொல்லிக் கேக்கறது? வெள்ளிக்கெழம என் டிவிக்கு ஆகாதுன்னா? சிரிப்பானுங்க."

அந்த வெள்ளி காலை ஏழு மணிக்கே கூடத்துக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். அருமையாக ஓடியது. அங்கேயே மாலைவரை காவல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் மறுநாள் விடிந்ததும் படகு கிளம்ப வேண்டும். டீசல் ஏற்ற வேண்டும், இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரைவர் இல்லாமல் அது நடக்காது. பத்து மணிக்கு மனசில்லாமல் துறைமுகத்துக்குப் போனார். அங்கே எல்லாப் படகிலும் பூசை நடந்துகொண்டிருந்தது. முகப்புக்கு மாலை, இன்ஜினுக்குச் சந்தனப் பொட்டு, சுக்கானுக்குப் பொட்டு, வயர்லெஸ்ஸுக்குப் பொட்டு, டீசல் டேங்குக்கும் பொட்டு. மணிவேல் ஒரு பொட்டுக்கும் இன்னொரு பொட்டுக்கும் நடுவில் ஸ்பேனரை விட்டு நட்டை முறுக்கினார்.

நான்கு மணிக்குத் திரும்பி, பின்மூடியை முடுக்கி, ஊர் டிவியை நான்கு பேர் தோளில் ஏற்றினார். கோயிலுக்கு எதிரே இருக்கும் ஊர்க்கூடத்துக்கு அது போனபோது, "சாமி பொறப்பாடு மாதிரி இருக்குல்ல, ஒரு மேளம் சொல்லியிருக்கலாம்" என்றார் வழியில் ஒருவர்.

கூடம் நிறைந்திருந்தது. வாசலில் பெண்கள். ஓரமாகப் பழைய இரும்பு வண்டி, வியாபாரி உட்பட, தயாராக நின்றது. மணிவேல் கேபிளை இணைத்தார். மரக் கதவை இரண்டு பக்கமும் தள்ளினார். சுவிட்சைப் போட்டார்.

கறுப்புக் கண்ணாடி மெல்ல வெளுத்தது. செய்தி வாசிப்பவர் ஒருவரின் தோள் தெரிந்தது, முகம் தெரிந்தது. கூட்டத்தில் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

படபடபட. கருகல் வாசனை. முகம் சுருங்கிக் கோடாகி அணைந்தது.

"வெள்ளிக்கெழம வெரதம்டா அது" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது.

சிவநாதன் கையை உயர்த்தி அடக்கினார். "மணி, ஏழு மணிக்கு அம்மனுக்குப் பூச. அதுவரைக்கும் பாரு. இல்லன்னா பேசினபடிதான். எனக்கும் வேற வழி இல்ல."

மணிவேல் பின்மூடியைக் கழற்றினார். தரைக்கம்பி கட்டிய ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் மூடிக்குள் நுழைத்து, நின்றிருந்த கரன்ட்டை டப்பென்று இறக்கினார். டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாப் பாகமும் மாற்றியாகிவிட்டது. மாற்ற இன்னும் எதுவும் இல்லை. 

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தமிழரசி வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ்.

"கொஞ்சம் தள்ளுங்க. காலைல வச்சது காஞ்சிருக்கும்."

மணிவேல் யோசனையில்லாமல் தள்ளி நின்றார். தமிழரசியின் விரல் பெட்டிக்குள் போனது. படக்குழாயின் முதுகில், ரப்பர் மூடிக்கு ஒரு விரல்கடை தள்ளி, வெறும் கண்ணாடியில், ஏற்கெனவே ஒரு சந்தன, குங்குமப் பொட்டு இருந்தது. அதன் மேல் புதுச் சந்தனத்தை வைக்க விரல் நெருங்கியது.

"அங்க ஏன் வைக்கிற?"

"எப்பவும் இங்கதான வைக்கிறேன்."

"எப்பவும்னா?"

"வெள்ளிக்கெழமதான். படம் வந்ததிலேருந்து. நீங்கதான் உசுருன்னு சொன்னீங்க." பிறகு, திட்டு வாங்குவதற்கு முன்பே பதில் சொல்வதுபோல், "மூடியத் தொடல. பக்கத்துலதான் வச்சேன். பொகையும் போடல" என்றார்.

மணிவேல் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். பொட்டின் விளிம்பிலிருந்து தரைக்கம்பியோடு இணைந்த குழாயின் கறுப்புப் பூச்சு வரைக்கும், தலைமுடி அளவில், கருகிய ஒரு கோடு ஓடியது. ஈரச் சந்தனமும் உப்புக் காற்றும் சேர்ந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கின்றன. உள்ளே போக வேண்டிய பதினைந்தாயிரம் வோல்ட், பொட்டின் மேல் ஏறி வெளியே ஓடியிருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதைச் சரிசெய்தது கண்டன்சரும் அல்ல, சுருளும் அல்ல. துடைத்த துணி.

நான்கு வாரமும் அந்தப் பொட்டை அவர் பார்த்திருக்கிறார். தன் கையாலேயே துடைத்தும் இருக்கிறார். ஆனால் எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை பொட்டு இல்லாத பொருள் எது? பைக்கில் இருக்கும், தையல் மிஷினில் இருக்கும், பிரிட்ஜில் இருக்கும், இன்ஜினில் இருக்கும். பொட்டு இல்லாவிட்டால்தான் கண் நிற்கும்.

"தமிழு, இதான் கோளாறு" என்றார் மெதுவாக.

"எது?"

"பொட்டு."

ஸ்பிரிட் நனைத்த துணி அவர் கையில் தயாராக இருந்தது. ஒரு தடவை துடைத்தால் போதும். கை பெட்டிக்குள் போனது, பாதியில் நின்றது. தனியாக, சனிக்கிழமை, வேலை மும்முரத்தில் துடைத்தது வேறு. இப்போது வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். விடிந்தால் கடல். பெண்டாட்டி தன் கையால் வைத்த குங்குமத்தை, அவர் கண் முன்னாலேயே, ஊர் பார்க்க அழிப்பதா? கடலுக்குப் போகிற எந்த வீட்டிலும் அதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். வாசலில் நின்ற பெண்களில் ஒருவர், "ஏ மணிவேலு, அதத் தொடாத" என்றார். குரல் கெஞ்சலாக இருந்தது.

சிவநாதனுக்கும் புரிந்துவிட்டது. "விடுப்பா. அத அழிச்சுட்டுப் படம் பாத்து எங்களுக்கு என்ன ஆவப்போவுது?"

மணிவேல் துணியை மேசையில் வைத்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். ஒன்பது டிவியும் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். "சரிண்ணே. ஏத்தச் சொல்லுங்க" என்றார். அப்படிச் சொன்னபோது அவர் அசையாமல் நின்றார். அதைத்தான் தமிழரசியால் தாங்க முடியவில்லை.

"ஏன் ஏத்தணும்? இப்ப உள்ள கரன்ட் நிக்கிதா?"

"எறக்கிட்டேன்."

தமிழரசி மோதிர விரலால் கண்ணாடியில் இருந்த பொட்டை வழித்து எடுத்தார். மணிவேலின் தாடையை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தி, எடுத்ததை அவர் நெற்றியில் வைத்தார். விரலில் மிஞ்சியதைத் தன் வகிட்டில் வைத்துக்கொண்டார். மேசையில் கிடந்த ஸ்பிரிட்டில் முந்தானை நுனியை நனைத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தையும் கருகிய கோட்டையும் ஒற்றி எடுத்து, அந்த நுனியை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினார்.

"அழிக்கல. எடம் மாத்தியிருக்கேன். யாருக்காச்சும் எதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்று கூட்டத்தைப் பார்த்தார்.

 வாசலில் ஒரு பெண் மட்டும், "நல்லாத்தான் வச்சிருக்கா" என்றார்.

ஸ்பிரிட் காய ஐந்து நிமிடம் விட்டு, மணிவேல் சுவிட்சைப் போட்டார். கண்ணாடி வெளுத்தது. தோள், முகம். எல்லோரும் படபட சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைய கடல் காற்று, அலையின் உயரம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை டிவி ஓடுமா என்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், அந்த நிமிடத்தில் டிவியை மறந்து, அவர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தது.

அது முடிந்ததும் சிவநாதன், "ஏன்டா அவர் மூஞ்சி சொரக்கா மாதிரி நீளமா இருக்கு?" என்று கேட்டார்.

"உயரம் சரி பண்ணணும்ணே. இன்னும் ஒரு வாரம் வேணும்."

"கடலுக்குப் போயிட்டு வந்து பண்ணு. மூல எங்கயும் போயிடாது." பிறகு வண்டிக்காரரிடம் திரும்பி, "அண்டாவையும் கொழலையும் மட்டும் ஏத்துப்பா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் படகுகள் கிளம்பின. உடன் போனவர்கள் வந்து சொன்ன செய்தி இது: அந்த முறை மணிவேல் கடலிலும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாராம். என்ன என்று கேட்டால், "அந்த சொரக்கா மூஞ்சி" என்றாராம்.

தமிழரசி இப்போதும் வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போகிறார். பொட்டு முன்பக்க மரக் கதவில் இருக்கிறது.

இதைப் படித்தவர்கள் ஒருவரிடமாவது சொல்லுங்கள். முக்கியமாக, பழைய டிவியைத் திறந்து வைத்துக்கொண்டு மணிவேல் மாதிரி கால் மாற்றி நிற்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், அவர்களிடமும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதாது.